சமையல் மேடையில் நாய் திருடுகிறதா? திட்டுவதற்கு முன்னால் மேடையைக் காலி செய்யுங்கள்

மேடையில் வைத்ததையெல்லாம் நாய் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, எவ்வளவு திட்டினாலும் கேட்பதில்லை என்று வருகிறவர்களிடம் கால்நடை மருத்துவராக நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் திட்டியபோது அது தின்று முடித்திருந்ததா? பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். அப்படியானால் எம்பினால் சாப்பாடு கிடைக்கும் என்ற பாடத்தை அது ஏற்கெனவே படித்து முடித்துவிட்டது. பிறகு வந்த திட்டு அந்தப் பாடத்தோடு ஒட்டவே ஒட்டாது. கையும் களவுமாகப் பிடித்துத் திட்டினாலும் இவர் இருக்கும்போது மேடைப் பக்கம் போகக் கூடாது என்பதுதான் அதன் மனதில் பதியும், நீங்கள் போன் பேச அந்தப் பக்கம் நகர்ந்ததும் இரண்டு முன்னங்கால்களும் மேடை விளிம்பில் இருக்கும்.

"தப்பு செய்தது அதற்கே தெரியும் டாக்டர், காதை மடக்கிக்கொண்டு எப்படி முழிக்கிறது பாருங்கள்" என்பார்கள். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தொடக் கூடாது என்று சொல்லி வைத்த தீனியைத் தின்ற நாயா, தின்னாத நாயா என்பதை வைத்து அந்த முழி வரவில்லை; உரிமையாளர் திட்டினாரா என்பதை வைத்துத்தான் வந்தது. ஒரு தப்பும் செய்யாத நாய்கூட, திட்டு வாங்கினால் அப்படித்தான் முழித்தது. அது குற்ற உணர்ச்சி இல்லை, உங்கள் கோபத்தைப் பார்த்து வருகிற பயம். தயவுசெய்து அதை வைத்துத் தண்டிக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? மேடையில் எதுவுமே கிடைக்காது என்ற நிலையை முதலில் கொண்டுவாருங்கள். தட்டை உள்ளே தள்ளி வைத்தால் போதாது. மீன் நறுக்கிய பலகை, சிங்க்கில் ஊறும் பாத்திரம், விளிம்பில் வழிந்து காய்ந்த குழம்பு எல்லாமே நாயின் மூக்குக்குத் தீனிதான். ஆறு நாள் சுத்தமாக வைத்திருந்து ஏழாவது நாள் ஒரு துண்டு ரொட்டியை விட்டுவிட்டீர்கள் என்றால், எப்போதுமே கிடைத்துக்கொண்டிருந்ததைவிட மோசம். எப்போதாவது பலன் தருகிற பழக்கம்தான் லேசில் விடாது, மனிதர்களுக்கும் அப்படித்தானே. அதனால் வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும், குழந்தைகள் உட்பட. ஆளில்லாத நேரத்தில் அடுக்களைக் கதவைச் சாத்துங்கள், கதவு இல்லையென்றால் குழந்தைகளுக்குப் போடுகிற தடுப்புக் கேட் போதும். அடுப்பில் பாத்திரத்தை விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள், எம்பும் நாயின் கால் பட்டு அடுப்புத் திருகு திரும்பி வீடு தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. மேடையைக் காலி செய்த முதல் சில நாட்களில் நாய் முன்பைவிட அதிகமாக எம்பும். அது நல்ல அறிகுறி, அந்த நேரத்தில் தளர்ந்துவிடாதீர்கள்.

அப்புறம், எம்பாமல் இருப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுக்களை வாசலில் ஒரு தடிமனான துணியை விரியுங்கள். நாய் தற்செயலாக அதில் கால் வைத்ததுமே ஒரு சின்னத் தீனித் துண்டை அதன் முன்னங்கால்களுக்கு நடுவில், துணியின் மேலேயே போடுங்கள். மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அதன் மூக்கு மறுபடி மேலேதான் திரும்பும், அதனால் துண்டுகள் உங்கள் இடுப்பில் ஒரு பையில் இருக்கட்டும். கத்தியை எடுக்கும்போது ஒன்று, மூடியைத் திறக்கும்போது ஒன்று, பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். எழுந்து வந்துவிட்டால் பேசாமல் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள், அடுத்த துண்டு கொஞ்சம் சீக்கிரமே விழட்டும். இந்தத் துண்டுகளை அதன் அன்றாட உணவிலிருந்தே எடுங்கள், இல்லாவிட்டால் எடை ஏறும். தகர டப்பாக்களை அடுக்கிவைத்து விழச் செய்து பயமுறுத்தும் யோசனைகளை நான் சொல்வதில்லை, பயந்த நாய் அடுக்களையையே வெறுக்கலாம், உங்களையும் நம்பாமல் போகலாம்.

இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று திருட ஆரம்பித்தால் அதைப் பழக்கக் கோளாறு என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன், வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் இரண்டுமே பசியைக் கிளப்பும். சர்க்கரை நோய், செரிமான நொதிகளைக் கணையம் போதுமான அளவு சுரக்காத கோளாறு, உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறும் குஷிங் நோய் எல்லாவற்றிலும் பசி கூடலாம். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: அந்த இனத்தில் சுமார் நான்கில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்குச் சாப்பாட்டு ஆசை கூடுதலாக இருக்கும், அதைப் பேராசை என்று திட்டிப் பயனில்லை.

வாயில் கவ்விவிட்டதா, துரத்தாதீர்கள். துரத்தினால் அவசரமாக விழுங்கும், அல்லது பறிக்க வருகிறவரைக் கடிக்கும். அதைவிட நல்ல தீனியைத் தள்ளிப் போட்டு, அது விட்டுவிட்டுப் போனதும் எடுங்கள். உள்ளே போனது சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த பச்சை மாவு இவற்றில் ஒன்றாக இருந்தால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி அரை மணி நேரத்துக்குள்ளேயே நாயின் ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடக்கூடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், அந்த உப்பே உயிரை எடுக்கலாம். கிழிந்த உறையோ மீதித் துண்டோ இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்பதை வழியிலேயே போனில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.