300 மீட்டரோடு நிறுத்தச் சொன்ன மாஸ்டர்

மதுரையில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் எங்கே என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள்; ரேஸ்கோர்ஸ் என்றால் உடனே கை காட்டுவார்கள். காலை ஐந்தரை மணிக்கு அங்கே நடக்கப் போவது என் வழக்கம். போன ஆண்டு ஒருநாள், பதினாறு வயது இருக்கும், ஒரு பெண் டிராக் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். 400 மீட்டர் ஓடுகிறவள். போட்டிக்குப் பத்தே நாள். "கடைசி நூறுல கால் பின்னிக்குது மாஸ்டர், என்னால முடியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

‘உன்னால முடியும்மா’ என்று அவளுடைய பயிற்சியாளரான மாஸ்டர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "சரிம்மா, இன்னைக்கு 300 போதும். அதுக்கு மேல ஒரு அடி வைக்க வேண்டாம். ஆனா போட்டியில ஓடுற அதே வேகம் வேணும்" என்றார். ஓடினாள். ஸ்டாப்வாட்சை அவள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல ஓய்வு கொடுத்து இன்னொரு 300. மறுபடி ஓய்வு, மறுபடி 300. மூன்று நேரங்களையும் ஒரு நோட்டில் அவளையே எழுதவைத்தார். "ஒரே காலையில மூணு தடவை இந்த வேகத்துல வந்திருக்க. போட்டியில ஒரு தடவை வந்தாப் போதும். மிச்சம் நூறு மீட்டர்தான்." அதோடு பேச்சு முடிந்தது. அவளும் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவள் உடம்பில் புதிதாக எந்தப் பலமும் ஏறியிருக்க முடியாது. பிறகு எது மாறியது? விளையாட்டு உளவியல் ஐம்பது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

முதலில் அந்தக் கடைசி 100 மீட்டரைப் பார்த்துவிடலாம். ஓட்டம் தொடங்கிய முதல் சில வினாடிகளுக்குத் தசையில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் கைகொடுக்கும். அது தீர்ந்ததும், போதுமான ஆக்சிஜன் வந்து சேர்வதற்குள்ளேயே உடல் சர்க்கரையை வேகவேகமாக உடைத்து ஆற்றல் எடுக்கும். அதன் விலையாகத் தசையில் அமிலத்தன்மை ஏறும், கால் கனக்கும். ஒலிம்பிக் வீரர்களும் கடைசி 100-ல் வேகம் குறைந்துதான் வருகிறார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் மற்றவர்களைப் பாய்ந்து முந்துவது போலத் தெரிந்தால், பெரும்பாலும் அவர் வேகம் கூட்டவில்லை. மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்ந்திருக்கிறார். இந்தக் கனத்தை எதிர்பார்த்துப் பயப்படுகிற பிள்ளை முதல் 200-லேயே அடக்கி வாசிக்கும், இல்லையென்றால் தோளையும் தாடையையும் இறுக்கிக்கொள்ளும். இரண்டுமே நேரத்தைத் தின்னும். அதாவது பயம் மனசோடு நிற்பதில்லை. ஸ்டாப்வாட்சில் வினாடியாகவே வந்து விழுகிறது.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் தன்திறன் நம்பிக்கை பற்றிய கோட்பாட்டை வெளியிட்டார். ‘இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார். நாமே செய்து முடித்த அனுபவம் ஒன்று. நம்மைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. நாம் மதிக்கிற ஒருவர் சொல்வது மூன்றாவது. அந்த நேரத்தில் நம் உடம்பு காட்டும் அறிகுறிகளை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது நான்காவது. இவற்றில் மிக வலுவானது முதலாவதுதான். நம் ஊரில் எல்லோரும் அள்ளிக் கொடுக்கும் ‘தைரியமா இரு’ மூன்றாவது வகை. சீக்கிரம் வரும், சீக்கிரம் கரையும். ரேஸ்கோர்ஸ் மாஸ்டர் நேரே முதலாவதைப் பிடித்தார். அந்தப் பெண்ணின் பயத்தோடு அவர் வாதாடவில்லை. அவள் காலையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அதற்காக எந்தச் சின்ன வெற்றியும் சாட்சியாகிவிடாது. எளிதில் கிடைத்த வெற்றியை மனசு கணக்கில் எடுப்பதில்லை. எட்டாத இலக்கு வைத்தாலோ தோல்விதான் சாட்சியாக நிற்கும். அன்றைய உடம்புக்குக் கொஞ்சம் மேலே, ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் இலக்கை வைப்பதுதான் பயிற்சியாளரின் கைத்திறன். 300 மீட்டர் என்று அவர் வெட்டினாரே, அந்த அளவை யாரும் சூத்திரத்தில் எழுதிவிட முடியாது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் 1954 மே 6-ம் தேதி ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் முடித்த முதல் ஆளான கதை பலருக்குத் தெரியும். அதற்கு முன்னால் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அவர் கால் மைல் தூரத்தைப் பத்து முறை, இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஓடிப் பழகிவந்தார். ஒவ்வொன்றும் 60 வினாடிக்குள் வர வேண்டும், 61-லேயே நின்றுவிட்டது. நண்பர்களோடு சில நாள் ஸ்காட்லாந்தில் மலை ஏறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59. அந்தச் சாட்சி கையில் கிடைத்தாயிற்று. ஆனால் போட்டியன்று பலத்த காற்று. இன்றைக்கு வேண்டாமோ என்று தயங்கிய பானிஸ்டரிடம், ஆக்ஸ்போர்டு போகும் ரயிலில் பயிற்சியாளர் பிரான்ஸ் ஸ்டாம்பிள் ஒரு கணக்குச் சொன்னார்: உன் உடம்பில் இப்போது 3 நிமிடம் 56 வினாடி இருக்கிறது. அது உண்மையென்றால் காற்று சில வினாடிகளைப் பிடுங்கிக்கொண்டாலும் நான்கு நிமிடத்துக்கு உள்ளேதான். பத்துக் கால் மைல்களின் நேரம் முதுகில் இருந்ததால்தான் அந்தச் சொல் எடுபட்டது. வெறும் உற்சாகப் பேச்சாக இருந்தால் காற்றோடு போயிருக்கும். சாதனை நடந்த 46-வது நாளே ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அதையும் முறியடித்தார். லாண்டி அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே நான்கு நிமிடத்துக்கு மிக அருகில் ஓடிக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மனத்தடை உடைந்தது’ என்று மட்டும் சொன்னால் அவர் உழைப்பை மறைத்த பாவம் வரும்.

மதுரைக்கு வருவோம். சக்கிமங்கலம் ரேவதி வீரமணி சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்தார். வெறுங்காலில் ஓடிக்கொண்டிருந்த ரேவதியைக் கவனித்த பயிற்சியாளர் கண்ணன், தயங்கிய பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் வழி செய்தார். 100, 200 மீட்டர் ஓடிவந்த ரேவதியை, தேசிய முகாமில் பயிற்சியாளர் கலினா புகாரினா 400-க்கு மாறச் சொன்னார். 2021 ஜூலையில் பட்டியாலாவில் நடந்த தேர்வோட்டத்தில் 53.55 வினாடி. அந்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

இதைப் பண்டுராவின் இரண்டாவது வழியாகவும் பார்க்கலாம். நம்மைப் போன்றவர் என்ற ஒற்றுமை எவ்வளவு நெருக்கமோ, பார்த்து வரும் நம்பிக்கையும் அவ்வளவு வலுவாகும் என்கிறது அந்தக் கோட்பாடு. நீரஜ் சோப்ராவைப் பார்த்து நம் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ரேவதியைப் பார்த்தால், ‘நம்ம பஸ்ஸுல வர்ற ஊர்க்காரப் புள்ளதானே’ என்று தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. விவரமான பயிற்சியாளர்கள் புதிதாக வரும் பிள்ளையை ஊரிலேயே வேகமானவரோடு ஓடவிடுவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் அதே நிலையில் இருந்த அக்காவோடு ஓடவிடுவார்கள்.

நான்காவது வழியில்தான் போட்டி நாளின் பாதி விவகாரம் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. இது அட்ரினலின் என்ற ஹார்மோனின் வேலை: இதயத்தை வேகப்படுத்தி, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, உடம்பை ஓடத் தயார் செய்கிறது. பயத்திலும் ஆவலிலும் உடம்பு காட்டும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர் வைப்பது நாம். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பாடவோ மேடையில் பேசவோ போகிறவர்களில் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற இதயத்தைக் கட்டளையிட்டு அமர்த்துவது கஷ்டம், அதன் அர்த்தத்தை மாற்றுவது எளிது. "நெஞ்சு அடிக்குதா? நல்லது, உடம்பு ரெடியாயிருச்சு" என்று ஒரு கோச் சொன்னால் அதில் அறிவியல் இருக்கிறது. துப்பாக்கி சுடுவதற்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே நீளமாக மூச்சை வெளியே விட்டு இதயத்தை நிதானப்படுத்தத்தான் பழக்க வேண்டும்.

நன்றாகப் பழகியவர்கள் முக்கியமான நேரத்தில் தடுமாறுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தானாக நடக்கிற வித்தையை மனசு கண்காணிக்கத் தொடங்கினால் அது கலைந்துபோகும். உளவியலாளர் சியான் பைலாக்கும் கூட்டாளிகளும் 2002-ல் வெளியிட்ட கால்பந்துச் சோதனையில், தேர்ந்த வீரர்களிடம் பந்தை உருட்டிச் செல்லும்போது காலின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள், வேகம் குறைந்துவிட்டது. புதியவர்களுக்கு அதே கவனம் உதவியது. ஆகவே போட்டிக்கு முன் தொழில்நுட்பத் திருத்தங்களைக் கொட்டுவது, பாவம், அன்பால் செய்யும் கெடுதல். ‘முட்டியைத் தூக்கு’ என்பதைவிட ‘தரையைப் பின்னால தள்ளு’ என்பது பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. கவனம் உடம்பை விட்டு வெளியே போகிறது, உடம்பு தன் வேலையைப் பார்க்கிறது.

இனி, எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம். நான் படித்த பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். தோற்றால் எல்லார் முன்னாலும் திட்டுவார். ஒன்பதாம் வகுப்போடு நான் ஓட்டத்தை விட்டேன். ‘திட்டினாத்தான் உருப்படுவாங்க, பாராட்டினா மறுநாளே சொதப்புவாங்க’ என்பது அவர் கண்டறிந்த உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் அப்படித்தான் பார்த்தது. இதே வாதத்தை இஸ்ரேல் விமானப் பயிற்சியாளர்கள் உளவியலாளர் டேனியல் கானமனிடம் சொன்னபோதுதான் அவருக்கு விடை பிடிபட்டது. மிக மோசமான ஒருநாளுக்குப் பின் வருகிற நாள், யார் எதுவும் சொல்லாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் நல்லதாகவே இருக்கும். மிகப் பிரமாதமான நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். நாம் திட்டுவது மோசமான நாளில், பாராட்டுவது நல்ல நாளில். அதனால் திட்டு பலித்தது போலவும் பாராட்டு கெடுத்தது போலவும் கண்ணுக்குப் படும். சராசரியை நோக்கித் திரும்பும் இயல்பு இது. எத்தனை பிள்ளைகளை இந்தக் கணக்குப் பிழை மைதானத்தை விட்டு விரட்டியிருக்கும்!

பாராட்டிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வது சராசரியாக உதவுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் செயல்திறனைக் குறைத்திருக்கிறது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்ட ஆள்’ என்பதற்குத் தாவும்போது கருத்துகள் பலிக்காமல் போகின்றன என்பது அவர்கள் விளக்கம். ‘நீ சூப்பர்டி’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு. ‘இரண்டாவது வளைவில் தோள் தளர்வாக இருந்துச்சு’ என்பது ஓட்டத்தைப் பற்றிய பேச்சு.

பாட்மின்டனில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1986-ல் கூட், மேகில் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று வகை செர்வ்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையாகத் தொடர்ந்து பழகியது. இன்னொன்று கலந்து கலந்து பழகியது. பின்னால் வைத்த சோதனையில் கலந்து பழகியவர்களே முன்னால் நின்றார்கள். ஆனால் கலந்து பழகும் நாட்களில் தப்பு அதிகம் வரும், மனசு சோரும். அந்த நாட்களில் பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பதும் பயிற்சிதான்.

நம் மதுரை ஜெர்லின் அனிகா 2022-ல் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினார். அந்தப் போட்டிகளில் களத்தில் செவிக்கருவி அணிய அனுமதி கிடையாது. கோர்ட் ஓரத்திலிருந்து யாரும் கத்தி உசுப்பேற்ற முடியாது. ஆட்டத்தின் நடுவே 11-வது புள்ளியில் கிடைப்பது 60 வினாடி இடைவேளை. மற்ற நேரமெல்லாம் கோர்ட்டுக்குள் கூட வருவது, பழகிப் பழகிக் கையிலும் காலிலும் சேர்த்துவைத்ததுதான்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். லேசாக இரண்டு சுற்று ஓடிவிட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் நோட்டை அவளிடம் நீட்டி, "படிம்மா" என்றார். தேதியையும் நேரத்தையும் அவள் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். நான் இன்னும் ஒரு சுற்று நடந்து முடித்துத் திரும்பி வந்தபோதும் படித்துக்கொண்டுதான் இருந்தாள்.