தேவதைக் கதை ஷூட்: கண்மூடிப் படுத்திருப்பவரை யார் கவனிப்பது?

போட்டோகிராபி படிக்கும் மாணவர்கள் ஸ்டுடியோ அசைன்மென்ட்டுக்குத் தேவதைக் கதையை எடுத்துக்கொண்டு வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். துணி, ஒப்பனை, செட், லைட் என்று எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் பழகிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் வரைந்து கொண்டுவரும் திட்டத்தில் நான் முதலில் பார்ப்பது லைட் எங்கே என்பதை அல்ல, மாடல் எப்படி இருக்கிறார் என்பதை.

தூங்கும் இளவரசி கண்மூடித் தரையில் கிடப்பாள். கடற்கன்னியின் இரண்டு கால்களும் ஒரே துணிக்குள் இறுகியிருக்கும். கோபுரத்துப் பெண்ணுக்கு ஆளைவிட நீளமான விக். ஆக, அந்த அறையில் மிகக் குறைவாகப் பார்க்கக்கூடியவரும், ஏதாவது ஒன்று என்றால் சட்டென்று எழுந்து விலக முடியாதவரும் மாடல்தான். மாணவர் ஷூட்டில் அவர் பெரும்பாலும் வகுப்புத் தோழியாகவோ தம்பி தங்கையாகவோ இருப்பார். உதவிக்கு வந்தவர், படம் கெட்டுவிடக் கூடாதே என்று கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

கேமராவுக்கு முந்தைய ஓவிய உலகிலும் இதுதான் கதை. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண்ணைக் காட்டும் ‘ஒபீலியா’ ஓவியம் 1852இல் காட்சிக்கு வந்தது. அதற்காக எலிசபெத் சிடால் என்ற இளம்பெண், லண்டனில் ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் ஸ்டுடியோவில், குளிர்காலத்தில், தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் படுத்துக் கிடந்தார். தண்ணீர் சூடாக இருக்க அடியில் விளக்குகள் வைத்திருந்தார்கள். ஒருமுறை அவை அணைந்துவிட்டன. வரைவதில் மூழ்கிப்போன மில்லே கவனிக்கவில்லை. சிடாலும் ஒன்றும் சொல்லவில்லை. கடுமையாக நோயுற்றார். மருத்துவச் செலவைக் கேட்டு அவருடைய தந்தை ஓவியருக்கு எழுத வேண்டியதாயிற்று.

இன்றைய ஸ்டுடியோவில் எனக்கு மிகவும் பயம் தருவது டிரை ஐஸ். தரையோடு தவழும் வெண்புகை தேவதைக் கதைக்கு அவ்வளவு பொருத்தம் என்பதால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸில் இருக்கும். வெறும் கையால் தொட்டால் தோல் பொசுங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியும். அதிலிருந்து வரும் வாயுவைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. ஒரு கிலோ கட்டி, அறை வெப்பத்தில் 500 லிட்டருக்கு மேல் வாயுவாக மாறும். காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அதனால்தான் கீழேயே தங்குகிறது. கேமராவோடு நிற்பவரின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. இளவரசியின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். நாம் பார்க்கும் வெண்மை நீர்த்துளிகள்தான். அது கலைந்த பிறகும் வாயு அங்கேயே கிடக்கும். நிறமும் இல்லை, எச்சரிக்கும் வாடையும் இல்லை. தலைவலி, மூச்சுவாங்கல், தலைசுற்றல் என்று தொடங்கி நினைவு தப்பலாம். மயங்கிப் போனவரும் தூங்குவதாக நடிப்பவரும் வ்யூஃபைண்டரில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விருந்தில், புகை எழும்பட்டும் என்று நீச்சல் குளத்தில் ஏறத்தாழ 25 கிலோ டிரை ஐஸைக் கொட்டினார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள்.

எனவே படுத்திருக்கும் மாடலைச் சுற்றி டிரை ஐஸ் வேண்டவே வேண்டாம். ஃபாக் மெஷினின் புகையைச் சாதாரண ஐஸ்கட்டி நிரப்பிய பெட்டி வழியாகச் செலுத்தினால் அது குளிர்ந்து தரையோடு தவழும். அப்போதும் ஆஸ்துமா உள்ளவர் யாராவது இருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். புகை படிந்த தரை வழுக்கும், தீ அலாரமும் அடிக்கலாம். ஸ்டுடியோக்காரரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அலாரத்தை நீங்களாகவே மூடி வைக்காதீர்கள்.

அடுத்தது மாயத்தூள். மைதாவையோ சோளமாவையோ அள்ளி வீசி, பின்னாலிருந்து லைட் கொடுத்தால் படம் ஜொலிக்கும், உண்மைதான். ஆனால் காற்றில் பரவிய மாவு தீப்பிடிக்கும் பொருள். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில், கூட்டத்தின் மீது தூவிய வண்ணச் சோளமாவில் தீப்பற்றி 15 பேர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் காயமடைந்தார்கள். ஸ்டுடியோ ஃபிளாஷுக்குள் தொடர்ந்து எரியும் ஹாலோஜன் மாடலிங் பல்பு தொட முடியாத சூட்டில் இருக்கும், பக்கத்திலேயே மெழுகுவத்தியும் எரிந்தால் கேட்கவே வேண்டாம். நெட் துணி கவுன்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மாவு, நிஜத் தீ இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எப்படியும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமில், அதாவது ஸ்டாண்டின் மேல் பக்கவாட்டில் நீளும் கம்பியில், லைட் தொங்கும் திசையிலேயே ஸ்டாண்டின் ஒரு கால் நீண்டிருக்கட்டும், மறுமுனையில் எடை, காலில் மணல் பை. படுத்திருப்பவரின் முகத்துக்கு நேர் மேலே எதையும் தொங்கவிடாதீர்கள். நீளமான கவுன் வயரில் சிக்கினால் லைட்டோடு சேர்த்து இழுத்துவிடும். நடக்கும் பாதையில் வயர் முழுவதையும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒப்பனைக்குக் கைவினைப் பொருளாக விற்கும் ஜிகினாத்தூள் ஆகாது, கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும். முகத்துக்கென்று தயாரித்ததை மட்டும், அதையும் முந்தின நாளே கையில் தடவிப் பார்த்துவிட்டு.

அப்புறம், ஒருவருக்கு மாடலைப் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். அவர் ரிஃப்ளெக்டர் பிடிக்கக் கூடாது, மானிட்டர் பார்க்கக் கூடாது. பேச முடியாத காட்சியென்றால், விரலை உயர்த்தினால் நிறுத்து என்று முதலிலேயே பேசிவையுங்கள். அந்தச் சைகையை ஒருமுறை ஒத்திகை பார்த்து, உண்மையிலேயே எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டுங்கள். நிறுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று அவருக்கு அப்போதுதான் நம்பிக்கை வரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, அவர் கேட்காவிட்டாலும் எழுப்பி உட்கார வையுங்கள்.

இதையெல்லாம் எடுத்துவிட்டால் மாயம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். லைட்டிலிருந்துதான். அட்டையில் கிளைகளும் இலைகளும் வெட்டி, சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) மாட்டாத ஒரு லைட்டுக்கு முன்னால் பிடியுங்கள், காடு வந்துவிடும். அட்டையை லைட்டிலிருந்து தள்ளி மாடலுக்குக் கிட்டே கொண்டுபோனால் நிழல் கூர்மையாகும், லைட் பக்கம் நகர்த்தினால் மங்கும். பின்பக்க லைட்டில் நீல ஜெல், அதாவது ஒளிபுகும் நிறத்தாள், போட்டால் நிலவு. கேமராவுக்கு முன்னால் மெல்லிய நெட் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் பக்கவாட்டில் கொஞ்சம் வெளிச்சம் விழவிட்டால் மூடுபனி. முகத்துக்கான லைட்டை மாடலுக்கு நெருக்கமாக வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், அதனால் பின்னணி தானாக இருளில் அமிழ்ந்து, சாதாரணச் சுவர்கூட அரண்மனை மாதிரி ஆழமாகத் தெரியும்.

மெழுகுவத்தி இருந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு ஃபிரேமாக எடுங்கள். கேமராவை டிரைபாடில் பூட்டி, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். முதல் ஃபிரேமில் மாடல் மட்டும். சுடர் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே ஆரஞ்சு ஜெல் போட்ட சின்ன எல்இடி லைட். முகத்தில் அந்தச் சூடான ஒளி விழும். மாடலை எழுப்பி, துணிகளையும் மொத்தமாக அப்புறப்படுத்திவிட்டு, அதே இடத்தில் மெழுகுவத்தியைத் தனியாக ஏற்றி, ஃபிளாஷ் இல்லாமல் ஷட்டரை 1/15 விநாடிவாக்கில் வைத்து இரண்டாவது ஃபிரேம். கம்ப்யூட்டரில் இரண்டாவதை மேல் லேயராக வைத்து, இரண்டும் கலக்கும் விதமான பிளெண்டிங்கை, கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் ‘ஸ்கிரீன்’ முறைக்கு மாற்றி, சுடரைத் தவிர மற்றதை மறைத்துவிட்டால் வேலை முடிந்தது.