வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடுமா?

பத்தாம் வகுப்புப் பையன் ஜிம்முக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் வரும் முதல் பதில், "இப்பவே வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்." கையோடு சாட்சியும் சொல்வார்கள்: பளுதூக்கும் வீரர்களைப் பார், எத்தனை பேர் குள்ளம்!

சாட்சி பொய்யில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிய நயிம் சுலைமனோக்ளு 147 செ.மீ. உயரம்தான். ஆனால் போட்டி எடைப் பிரிவு வாரியாக நடக்கிறது. ஒரே எடையில் குள்ளமானவருக்குத் தசை திரண்டிருக்கும். பளு மேலே போக வேண்டிய தூரமும் குறைவு. அதனால் அவர்கள் ஜெயிக்கிறார்கள், நம் கண்ணில் படுகிறார்கள். எடை வரம்பே இல்லாத பிரிவில் டோக்கியோவில் மொத்தம் 488 கிலோ தூக்கிய ஜார்ஜியாவின் லாஷா தலகாட்சே 197 செ.மீ.! கூடைப்பந்து ஆடினால் உயரமாகலாம் என்று நம்புவதும் இதே தலைகீழ்க் கணக்குதான்.

சரி, உயரம் எங்கே கூடுகிறது? தொடை எலும்பு போன்ற நீள எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதில் செல்கள் காசு அடுக்கியதுபோல வரிசையாக நிற்கும். ஒரு பக்கம் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். மறுபக்கம் பழையவை உப்பி, சுண்ணாம்புச் சத்து படிந்து, எலும்பாகும். எலும்பு நீளும்.

இந்த வேலையை நிறுத்துவது ஈஸ்ட்ரோஜன். பெண்களுக்கான ஹார்மோன் என்று நாம் நினைப்பது ஆண்களின் தட்டையும் மூடுகிறது. 1994-இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையில் வரும் 28 வயது ஆணுக்கு, ஈஸ்ட்ரோஜனை உணரும் புரதம் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. 204 செ.மீ. உயரம்; அந்த வயதிலும் தட்டு மூடாமல் வளர்ந்துகொண்டிருந்தார்!

பாரம் தாங்குவது தட்டுக்குப் புதிதல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. மதில் மேலிருந்து குதித்தால் இன்னும் அதிகம். அதற்கெல்லாம் யாரும் வளர்த்தியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

தட்டு உடையலாம் என்பது மட்டும் உண்மை. செல்கள் உப்பும் அடுக்குதான் அதில் பலவீனமான இடம். சைக்கிளிலிருந்து விழுந்தும் ஆட்டத்தில் மோதியும் பிள்ளைகளுக்கு இப்படி அடிபடுகிறது. பெரும்பாலும் ஆறிவிடும், சிலருக்கு அந்த எலும்பு குட்டையாகவோ கோணலாகவோ போகும். பயிற்சியாளர் பக்கத்திலிருந்து, தாங்கும் அளவு வெயிட்டோடு செய்யும் பயிற்சியில் இது அரிது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2020-இல், முறையான பயிற்சி வளர்ச்சியைப் பாதிப்பதில்லை என்றே சொன்னது. யாரும் இல்லாத நேரத்தில் டம்பெல்லைக் காலில் போட்டுக்கொள்வதும் விரலை நசுக்கிக்கொள்வதும்தான் சின்னப் பிள்ளைகளிடம் அதிகம். அப்புறம், பருவமடையாத பிள்ளைக்குப் புஜம் பெரிதாகப் புடைக்காது. நரம்பு தசையைத் திறமையாக வேலை வாங்கப் பழகுவதால் பலம் மட்டும் ஏறும்.

ஜிம்மில் உயரத்தைக் கெடுக்கக்கூடியது ஒன்று உண்டுதான்: சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி. அந்த ஊசி வழியே வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். 15 வயதுப் பையனுக்கு அது போனால், இன்னும் வளர வேண்டிய தட்டு முன்கூட்டியே மூடிக்கொள்ளும்.