‘நல்லாத்தானுங்க தெரியுது!’

‘எனக்கு நல்லாத்தானுங்க தெரியுது, இவங்கதான் இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க.’ பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்ததும் 8 வயதுப் பையன் இதைச் சொல்கிறான். 45 வயது டெய்லர் சொல்கிறார். 70-ஐத் தொட்ட தாத்தாவும் சொல்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. தங்களுக்கு எது தெரியாமல் போகிறது என்பது அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான். திருப்பூர்ப் பக்கம் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கும் எனக்கு, பவர் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது சின்ன வேலை. அந்த ‘நல்லா’வுக்குப் பின்னால் அந்தந்த வயதில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் பெரிய வேலை.

குழந்தைகளிடம் கோட்டை விட்டால் பிறகு எந்தக் கண்ணாடியாலும் ஈடுகட்டுவது கஷ்டம். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் பிளஸ் பவர், அதாவது தூரப்பார்வை, இருக்கும். கண் வளர வளரத் தானே குறைந்துவிடும். ஒரு கண்ணில் மட்டும் பவர் கூடுதலாக இருந்தால்தான் வம்பு. தெளிவாகத் தெரியும் கண்ணையே மூளை எடுத்துக்கொண்டு மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பது இதுதான். மாறுகண்ணாக இருந்தால் ஊரே பார்த்துச் சொல்லிவிடும். இதில் கண் நேராக, லட்சணமாக இருக்கும். பிள்ளை ஓடும், ஆடும், ரைம்ஸ் பார்க்கும். சந்தேகம் இருந்தால் டிவி பார்க்கும்போது விளையாட்டுப்போல ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அப்புறம் மற்றதை. ஒரு பக்கம் மூடியபோது சும்மா இருந்த பிள்ளை, மறுபக்கம் மூடினதும் தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கிறதா, உங்கள் கையைத் தட்டிவிடுகிறதா? அன்றைக்கே கிளம்பி வந்துவிடுங்கள்.

7, 8 வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் பேட்ச் ஒட்டி மறைப்பதும் சேர்ந்து பார்வையை மீட்டுக் கொடுக்கும். அதற்குப் பிறகும் கொஞ்சம் தேறலாம். ஆனால் வருடம் ஆக ஆகக் கடினம். ‘நல்ல கண்ணை எதுக்குங்க மூடறீங்க?’ என்று பாட்டிமார் சண்டைக்கு வருவார்கள். மூடினால்தான் சோம்பேறிக் கண் வேலை செய்யும், பாட்டி. எல்.கே.ஜி.யில் சேர்க்கும் முன் ஒரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் நச்சரிப்பது இதனால்தான். குறைமாதத்தில், 2 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையென்றால் அதுவரை காத்திருக்கவே கூடாது. பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, சொட்டு மருந்து. பிள்ளைகளின் கண் லென்ஸ் சட்டென்று குவிந்துகொள்ளும் வலுவுள்ளது. மெஷினுக்குள் பார்க்கும்போது குவித்துக்கொண்டால், இல்லாத மைனஸ் பவரைக் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தள்ளும். மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, குவியும் தசையைத் தளர்த்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். ‘மருந்து விட்டா நாளைக்கு ஸ்கூலுக்கு எப்படிங்க போவான்?’ என்கிறார்கள். ஒரு நாள் லீவு போடட்டும். கடையில் கம்ப்யூட்டர் சீட்டை மட்டும் வைத்துக் குழந்தைக்குக் கண்ணாடி போடாதீர்கள்.

பள்ளி வயதில் வருவது பெரும்பாலும் மைனஸ், அதாவது கிட்டப்பார்வை. கண் உருண்டை வேண்டியதற்கு மேல் நீண்டுபோவதுதான் காரணம். 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை பவர் ஏறிவிடும். போர்டு மங்கலாகத்தான் இருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. பக்கத்துப் பெஞ்சு நோட்டைப் பார்த்து எழுதிச் சமாளிக்கிறது. ‘கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகுமே’ என்று பெற்றோர் தள்ளிப்போடுகிறார்கள். பவர் ஏறுவது வளரும் வயதால்; கண்ணாடி மேல் பழி போடாதீர்கள். ‘கொஞ்சம் குறைச்சுப் போடுங்க’ என்று கேட்பவர்களும் உண்டு. மலேசியாவில் இதையே செய்து பார்த்து 2002-இல் ஆய்வு வெளியானது: குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியிருந்தது.

பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க வழி உண்டு. மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தை மருத்துவர் எழுதித் தரலாம். அதற்கென்றே வந்திருக்கும் லென்ஸ்களும் உண்டு. காசில்லாத வழி வெயில் வெளிச்சம். தைவானில் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பல வருடமாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன்பின் இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் காலை 8 மணிக்கு வேன், மாலை வந்ததும் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். எங்கிருந்து 120 நிமிடத்தை எடுப்பது? பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது. மைனஸ் பவர் அதனால் இறங்காது.

சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரேபோல் இல்லாததால் வருவது) ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கிறது, பையன் எப்போதும் கண்ணைக் கசக்குகிறான் என்றால் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருக்காமல் கருவிழியை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். கருவிழி மெலிந்து கூம்பிக்கொண்டு வரலாம். ஆரம்பத்தில் பிடித்தால் நிறுத்திவைக்கச் சிகிச்சை இருக்கிறது.

20-களில் வரும் பெண்களில் சிலர் கல்யாணப் பத்திரிகையோடு வருகிறார்கள். ‘மூணு வாரத்துல முகூர்த்தம், லேசர் பண்ணி கண்ணாடியை எடுத்துடுங்க.’ (மாப்பிள்ளை கண்ணாடி போட்டிருப்பார். அதை யாரும் கேட்பதில்லை.) 18 வயது தாண்டி, ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்து, கருவிழியின் கனமும் போதுமானதாக இருந்தால்தான் லேசர். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுப்பதற்குச் சில நாட்கள் முன்பே அதைக் கழற்றி வைக்க வேண்டும். மூன்று வாரத்தில் இதெல்லாம் ஆகிற காரியமில்லை. லேசர் செய்துகொண்டவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கண்ணாடி போய்விட்டாலும் நீண்ட கண் நீண்டதுதான், மெலிந்த விழித்திரை மெலிந்ததுதான். மைனஸ் 6-க்கு மேல் இருந்தவர்கள் வருடா வருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஒரு ஓரமாகத் திரை விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஐ.டி. பிள்ளைகள் கேட்கும் நீல ஒளிக் கண்ணாடிக்கு ஒரு வரி போதும். 2023-இல், மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், கம்ப்யூட்டரால் வரும் கண் களைப்பை அது சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை. இமைக்க மறப்பதுதான் அங்கே பிரச்சினை.

40-க்கு மேல் வெள்ளெழுத்து, அதாவது கிட்டே இருப்பது மங்குவது. கண் லென்ஸ் குவியும் தன்மையை இழப்பதால் யாருக்கும் தப்பாது. எங்கள் ஊரில் இது வயிற்றுப்பாட்டு விஷயம். பனியன் கம்பெனி செக்கிங்கில் ஒரு அக்கா கறையையும் ஊசி ஓட்டையையும் கோட்டைவிடுகிறார், சூப்பர்வைசர் திட்டுகிறார், அவர் தூக்கமில்லாததைக் காரணம் சொல்கிறார். பீஸ் ரேட்டில் தைப்பவர் நூல் கோக்கவே இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறார். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்குச் சாதாரணப் படிப்புக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. கண்ணாடி இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலையின் அளவு சுமார் 22 சதவீதம் கூடியிருந்தது.

ஆனால் பவர் போடும்போது என்ன வேலை என்று கட்டாயம் சொல்லுங்கள். தையல் மெஷின் ஊசி, படிக்கும் புத்தகத்தைவிடத் தள்ளி இருக்கும். தைப்பவரையே முழம் போட்டுக் காட்டச் சொல்லி, அந்தத் தூரத்துக்குத்தான் பவர் வைப்பேன். படிப்பதற்கு 2 போட்டவருக்கு மெஷினுக்கு 1.5 போதுமானதாக இருக்கும். இது தெரியாமல், ‘கண்ணாடி போட்டா தலை வலிக்குது’ என்று பெட்டிக்குள் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

பஸ் ஸ்டாண்டில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியை நான் திட்டமாட்டேன். இரண்டு கண்ணிலும் ஒரே பவர், சிலிண்டர் இல்லை என்றால் அதில் படிக்கலாம். கண்ணாடி கிடைத்துவிட்டது என்று பரிசோதனைக்கே வராமல் போவதுதான் நஷ்டம். வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டு வரும் கண் நீர் அழுத்த நோய் தலைகாட்டும் வயது அது. கண்ணின் பிரஷர் பார்த்து, கண் நரம்பைப் பார்த்தால்தான் தெரியும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வேறொரு கணக்கு. இரண்டே வாரத்தில் பவர் மாறினால், முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அது கட்டுக்குள் வந்து சில வாரம் நிலைத்த பிறகு கண்ணாடி வாங்கினால் காசு மிச்சம்.

இனி அந்தத் தாத்தா. ‘போன வருஷம் வரைக்கும் கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க முடியாதுங்க. இப்ப வெறுங்கண்ணுல படிக்கிறேன்!’ என்று பெருமையோடு வருகிறார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எதிரே வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். கண்புரை முற்றத் தொடங்கும்போது லென்ஸின் நடுப்பகுதி கெட்டியாகி மைனஸ் பவரைக் கொண்டுவரும்; அதனால் கிட்டே தெரியும், தூரம் மங்கும். கொஞ்ச நாளில் கிட்டேயும் மங்கிவிடும். புரைக்கு அறுவை சிகிச்சை செய்தபின் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிய காலம் போய்விட்டது, இப்போது உள்ளேயே லென்ஸ் வைக்கிறார்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். புண் ஆறி, ஒரு மாதம் போல ஆனபிறகு அளவெடுப்பார்கள்.

வயதானவர்கள் பைஃபோகல் (மேலே தூரப் பவர், கீழே படிக்கும் பவர் உள்ள கண்ணாடி) போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள். கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிக்கும் வட்டம் வழியாகத்தான் படி தெரியும், மங்கலாக. தலையைக் குனிந்து, மேல்பாதி வழியாகப் பார்த்து இறங்கச் சொல்லிக் கொடுங்கள். நடமாடுவதற்குத் தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடி ஒன்று தனியாக இருப்பது இன்னும் நல்லது. ரெண்டு கண்ணாடி எதுக்குங்க என்று கேட்கும் மகன்களிடம், இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்கிறேன்.