கடைசியில் வாங்கும் நாணயத்தை முதலில் பாருங்கள்

அமெரிக்க நாணயங்களை மதிப்பிடுவதும் வாங்கி விற்பதும் என் தொழில். கடைக்கு வரும் பழைய ஆல்பங்களில் எந்த இடம் காலியாக இருக்கும் என்று திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம். லிங்கன் பென்னி எனப்படும் ஒரு சென்ட் நாணயங்களின் ஆல்பம் என்றால், வடிவமைத்தவரின் முதலெழுத்துகள் உள்ள 1909-எஸ் விடிபி இருக்காது. மெர்குரி டைம் எனும் பத்து சென்ட் நாணயம் என்றால் 1916-டி இருக்காது. மார்கன் டாலர் என்றால் 1893-எஸ் இருக்காது. வருடக்கணக்கில் ஆசையாகச் சேர்த்திருப்பார்கள், அந்த ஓர் இடம் மட்டும் நிரம்பாமலே போயிருக்கும். இதைவிட வருத்தம் தரும் ஆல்பங்களும் வரும். அவற்றில் அந்த இடமும் நிரம்பியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் போலி. சேர்த்தவர் காலமாகியிருப்பார், எதிரே மகனோ மகளோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் அதைச் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அதனால் “எந்த சீரிஸ் சேர்க்கலாம்?” என்று யார் கேட்டாலும் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். பார்க்கப் பிடித்த நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முதல் நாணயத்தை வாங்கும் முன்பே அந்த வரிசையில் கிடைப்பதற்கு மிக அரிதானது எது, இன்று அது என்ன விலை, அதை எப்படிப் போலி செய்கிறார்கள் என்ற மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சேகரிப்பவர்கள் அந்த நாணயத்தை ‘கீ டேட்’ என்பார்கள். ஏமாற்றுகிறவர்கள் கூடுவதும் அங்கேதான்.

புதியவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரே வருடம், ஒரே உருவம் கொண்ட நாணயத்தைப் பல ஊர்களில் அச்சடித்திருப்பார்கள். எந்த ஊர் என்பதை மின்ட் மார்க் எனப்படும் குட்டி எழுத்து காட்டும். ‘டி’ (D) என்றால் டென்வர், ‘எஸ்’ (S) என்றால் சான் பிரான்சிஸ்கோ, ‘ஓ’ (O) என்றால் நியூ ஆர்லியன்ஸ், ‘சிசி’ (CC) என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. பழைய நாணயங்களில் பெரும்பாலும் எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்த எழுத்து, ஒரு நாணயத்தின் விலையைப் பல நூறு மடங்கு உயர்த்திவிடும்.

மார்கன் டாலரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் கேட்டு வருவது அதைத்தான். 38.1 மில்லிமீட்டர் அகலம், 26.73 கிராம் எடை, 90 சதவீதம் வெள்ளி. கையில் வைத்தாலே ஆசை வரும். இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குக் கலைஞர் வடிவமைத்தது. 1878-ல் அமெரிக்க அரசு மாதம் குறைந்தது 20 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சுரங்க முதலாளிகளுக்கு லாபம். ஆனால் அவ்வளவு கனமான நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு திரிய மக்கள் விரும்பவில்லை. மூட்டை மூட்டையாக அரசுப் பெட்டகங்களில் தூங்கின.

பிறகு நடந்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் காகித ரூபாயின் மேல் மக்களுக்கு நம்பிக்கை குறைந்தது. நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். அரசுக் கஜானாவில் வெள்ளி தீர்ந்துவிடும் நிலை வந்தபோது பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1918-ல் பிட்மன் சட்டம் நிறைவேறியது. மொத்தம் 27,02,32,722 வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் சுமார் 26 கோடி டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியது. உங்கள் வீட்டுப் பெட்டியில் 1918, 1919, 1920 தேதியிட்ட ஜார்ஜ் மன்னர் ரூபாய் கிடந்தால், அதில் உருகிய மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு மார்கன் மேல் தனிப் பிரியம் வந்ததற்கு இதுவே முதல் காரணம்.

உருக்கியபோது எந்த வருடத்து நாணயம் எத்தனை போனது என்று யாரும் கணக்கு எழுதவில்லை. ஆகவே மார்கனில் ‘அச்சடித்த எண்ணிக்கை’யை மட்டும் பார்த்து அரிது, சாதாரணம் என்று முடிவுசெய்ய முடியாது. 1903-ஓ டாலரை 44 லட்சத்துக்கு மேல் அச்சடித்தார்கள். ஆனாலும் கண்ணில் படவே இல்லை. எல்லாம் உருகிவிட்டது என்று நினைத்து, புதுக்கருக்கோடு இருந்தால் ஆயிரம் டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். 1962 கடைசியில் கருவூலப் பெட்டகத்திலிருந்து சீல் பிரிக்காத மூட்டைகள் வெளியே வந்தன. சீக்கிரமே விலை பல மடங்கு இறங்கியது. “இது அரிது, ஏறிக்கொண்டேதான் போகும்” என்று யாராவது உறுதியாகச் சொன்னால் 1903-ஓவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மார்கனின் கீ டேட் 1893-எஸ். அச்சடித்தது ஒரு லட்சம் மட்டுமே. தேய்ந்து போனதே ஆயிரக்கணக்கான டாலர். அதே வருடத்துப் பிலடெல்பியா நாணயத்தில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டுவது பழைய தந்திரம்; 1898-எஸ் நாணயத்தின் கடைசி எட்டை மூன்றாகச் சுரண்டுவது இன்னொன்று. இவற்றை எடை போட்டுக் கண்டுபிடிக்க முடியாது, காந்தமும் காட்டிக்கொடுக்காது. நாணயம் அசல் வெள்ளிதான், எழுத்தோ எண்ணோதான் பொய். அசல் 1893-எஸ் அத்தனைக்கும் முகப்பக்கத்தை அச்சடித்தது ஒரே ஒரு டை, அதாவது உருவம் செதுக்கிய அச்சு. அந்த டையில் இருந்த கீறலால் லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லின் T எழுத்தின் மேல்பகுதியில் மெல்லிய சாய்ந்த கோடு ஒன்று மேடாகத் தெரியும். அது இல்லாத நாணயத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். கோடு தெரிந்தாலும் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். போலி செய்கிறவர்களும் இதையெல்லாம் படிக்கிறார்கள்.

முழு வரிசையும் சேர்த்தால் நூறை ஒட்டி வரும், செலவும் பெரிது. அதற்குப் பதிலாக ஊருக்கு ஒன்று சேருங்கள் என்பேன்: பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி, டென்வர். பழைய வரிசையில் டென்வர் 1921-ல் மட்டும் அடித்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு 1881-எஸ் வாங்குங்கள். சாதாரண நாணயம், ஆனால் அச்சும் பளபளப்பும் அவ்வளவு அழகு. கார்சன் சிட்டிக்கு 1884-சிசி வசதியானது. பெட்டகத்தில் மிஞ்சிய லட்சக்கணக்கான கார்சன் சிட்டி டாலர்களை அரசே 1972 முதல் 1980 வரை பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றது. இன்றும் அதே உறையோடு கிடைக்கின்றன. ஐந்து நாணயத்தில் மார்கனின் வரலாறு முழுக்கக் கையில் இருக்கும். “நூறு வருடத்துக்கு முந்தைய வெள்ளி டாலர்” என்று விளம்பரம் செய்து 1921 நாணயத்தை அதிக விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் அடித்தார்கள். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும்.

பட்ஜெட் சின்னது, ஆனாலும் பழைய வெள்ளிதான் வேண்டும் என்றால் மெர்குரி டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயம். சிறகு வைத்த தொப்பியோடு சுதந்திர தேவியின் முகம். அடால்ப் வைன்மன் வடித்தது, 1916 முதல் 1945 வரை வந்தது. தேதியும் ஊரும் சேர்த்து 77 நாணயம். கடைசி வருடங்களைச் சேர்ந்தவை பெரும்பாலும் வெள்ளி விலைக்கே கிடைக்கும். கீ டேட் 1916-டி. டென்வரை அந்த வருடம் குவார்ட்டர் எனும் 25 சென்ட் நாணயம் அடிப்பதில் கவனம் செலுத்தச் சொல்லிவிட்டதால், 2,64,000 டைமோடு நிறுத்திவிட்டார்கள். பிலடெல்பியாவில் அதே வருடம் 2 கோடிக்கு மேல். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ‘டி’ மட்டுமே. ஒட்டுவேலைக்காரனுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? கடையில் நான் பார்க்கும் 1916-டி டைம்களில் ஒட்டியவை சகஜம். அசலுக்கு நான்கே பின்பக்க டைகள்தான் பயன்பட்டன. நான்கிலும் எழுத்து எங்கே நிற்கிறது என்பது ஆராய்ந்து பதிவான விஷயம். எழுத்தின் அடியில் நிறம் மாறியிருக்கிறதா, சுற்றிலும் கோடு போலத் தெரிகிறதா என்று பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

இந்த வரிசையில் இன்னொரு பள்ளம் உண்டு. பின்பக்கத்தில் குச்சிக்கட்டு ஒன்று இருக்கும். அதன் நடுக்கட்டின் இரண்டு பட்டைகளும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் ‘ஃபுல் பேண்ட்ஸ்’ என்று தனி மதிப்பு. 1945-ல் பிலடெல்பியா சுமார் 16 கோடி டைம் அடித்தது, ஆனால் பட்டை பிரிந்தது மிக மிக அரிது. மளிகைச் சாமான் விலைக்குக் கிடைக்கும் அதே தேதி, பட்டை பிரிந்திருந்தால் ஆயிரங்களைத் தொடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டாம். 1941 முதல் 1945 வரையிலான 15 நாணயத்தை நல்ல நிலையில் சேருங்கள், அப்புறம் பின்னோக்கிப் போகலாம். வைன்மனே வடித்த வாக்கிங் லிபர்ட்டி அரை டாலரிலும் 1941 முதல் 1947 வரை 20 நாணயம் கொண்ட குறுவரிசை இருக்கிறது. அமெரிக்க நாணயங்களிலேயே அழகானது அதுதான் என்பது என் கருத்து.

லிங்கன் பென்னியைப் பற்றி இப்போது நிறைய விசாரிக்கிறார்கள். புழக்கத்துக்கான பென்னி அச்சடிப்பதை 2025 நவம்பரில் அமெரிக்கா நிறுத்தியது. உடனே ஜாடி ஜாடியாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். புழக்கத்தில் மட்டும் சுமார் 30,000 கோடி பென்னி இருப்பதாக அரசு மதிப்பிட்டிருக்கிறது. நிறுத்தியதால் மட்டும் உங்கள் ஜாடியின் விலை ஏறாது. ஆனால் 1909 முதல் 1958 வரையிலான, பின்பக்கத்தில் கோதுமைக் கதிர் போட்ட பென்னி வரிசை உண்மையிலேயே நல்ல தேர்வு. கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும் வரிசை அது. உதாரணத்துக்கு 1914-டி. இதை 1944-டி நாணயத்தின் முதல் நான்கைச் சுரண்டி ஒன்றாக்கித் தயாரிப்பார்கள். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் ‘விடிபி’ என்ற முதலெழுத்துகள் 1909-ல் பின்பக்கத்தில் இருந்தன, எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் எடுத்துவிட்டார்கள், 1918-ல் லிங்கனின் தோளில் சின்னதாகத் திரும்பி வந்தன. ஆக, 1914 என்று போட்ட பென்னியின் தோளில் விடிபி இருந்தால் அது பொய். வரலாறு தெரிந்தவரை ஏமாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைத்தான் எப்போதும் காட்டுவேன். தாமிர நிறத்தில் 1943 பென்னி கிடைத்தது என்று யாராவது காட்டினால் முதலில் காந்தம் வையுங்கள். அந்த வருடத்து சாதாரணப் பென்னி எஃகு. தாமிர முலாம் பூசியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டாலும் 1948 நாணயத்தின் எட்டைப் பாதியாக வெட்டி மூன்றாக்கியதாக இருக்கலாம்.

பஃபலோ நிக்கல் (1913–1938) அழகான ஐந்து சென்ட் நாணயம்; ஆனால் தேதி மேடான இடத்தில் இருப்பதால் சீக்கிரம் தேய்ந்துபோகும். தேதியை அமிலம் ஊற்றி வரவழைத்து விற்பார்கள், அந்த இடம் சொரசொரவென்று இருக்கும். அதை ஒரு நல்ல சேகரிப்பில் வைக்க முடியாது.

குழந்தைகளோடு தொடங்குகிறீர்கள் என்றால் சில்லறையிலிருந்தே எடுங்கள். 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒன்றாக 50 குவார்ட்டர் வந்தன. 2022 முதல் 2025 வரை அமெரிக்கப் பெண்கள் வரிசையில் 20. செலவு முகமதிப்பு மட்டும், கூடவே வரைபடப் பாடமும் கிடைக்கும். ஆனால் தங்க முலாம் பூசியது, வண்ணம் அடித்தது என்று மரப்பெட்டியில் வைத்துத் தொலைக்காட்சியில் விற்பதை வாங்காதீர்கள். அப்படி வாங்கியதைப் பேரக்குழந்தைகள் விற்க வரும்போது, குவார்ட்டருக்கு 25 சென்ட்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த வரிசையாக இருந்தாலும் நாணயத்தைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டும் வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டும் தேய்ப்பது நமக்கு வழக்கம். நாணயத்தில் அதைச் செய்தால் மேல்தோல் போய்விடும், மெல்லிய கீறல்கள் விழும், பாதி மதிப்பு அந்த நிமிடமே போனாலும் போகும். பல வருடத்தில் தானாக ஏறிய நிறம்தான் அனுபவசாலிகள் தேடுவது. பிவிசி கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையிலும் வைக்காதீர்கள். பச்சையாகப் பிசுபிசுத்து உலோகத்தை அரிக்கும்.

கீ டேட்டை மட்டும், நாணயங்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி தரம் பார்த்து மூடிய ஸ்லாப் எனும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் வாங்குங்கள். ஸ்லாப்பையே போலி செய்கிறார்கள் என்பதால், அதிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையில் இருக்கும் நாணயமும் ஒன்றா என்று பாருங்கள். சின்னப் புள்ளி, கீறல் வரை பொருந்த வேண்டும். எண் சரியாக இருந்து படம் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்தில் பாதி நிரம்பியதுமே அந்தக் கடின நாணயத்துக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குவது நல்லது. கடைசி ஓட்டை மட்டும் பாக்கி என்ற நிலையில்தான் மலிவு விலைப் பொய் கண்ணை மறைக்கும்.

ரசீதுகளையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு 28 சதவீதம் வரை கூட்டாட்சி வரி வரலாம். வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லாவிட்டால் அதைக் கழித்து லாபத்தைக் கணக்குக் காட்டுவது கடினம். எந்த நாணயம், எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி ஆல்பத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.