பக்கத்துக் கடைக்குப் போகத்தான் பெட்ரோல் அதிகம் எரிகிறது

"வண்டி மைலேஜே தரவில்லை, என்னவென்று பாருங்கள்" என்று என் பணிமனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தினமும் எங்கெல்லாம் போகிறீர்கள்?" என்பதுதான். திருச்சி உறையூரில் பல ஆண்டுகளாக இதே தொழில். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: காலையில் பால், பிறகு பிள்ளையைப் பள்ளியில் விடுவது, மாலையில் காய்கறி, நடுவில் மருந்துக் கடை. எதுவும் இரண்டு கிலோமீட்டரைத் தாண்டாது. பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் கழற்றிப் பார்த்தால் சரியாகவே இருக்கும்.

ஆறிக் கிடக்கும் என்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதனால் எரிவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருக்கிறது. பழைய வண்டிகளில் இதற்காகத்தான் சோக் இழுத்தோம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் சோக் இல்லை. ஆகவே அந்தச் செலவும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கையால் நாம் செய்ததை இப்போது வண்டிக்குள் இருக்கும் மின்னணுப் பெட்டி தானே செய்கிறது. காரில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 90 டிகிரியை நெருங்கிய பிறகுதான் என்ஜின் தன் நிலைக்கு வரும். அதற்குச் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். நீங்கள் அதற்குள் கடை வாசலில் அணைத்துவிடுகிறீர்கள்.

பெட்ரோலோடு நஷ்டம் முடிவதில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சைலன்ஸர் நன்றாகச் சூடேறினால் அது வெளியேறிவிடும். இல்லையென்றால் உள்ளேயே தண்ணீராகத் தங்கித் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலத்தில் சில கார்களின் ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் ஆயிலோடு ஈரம் கலந்து வெண்ணெய் போல வெள்ளையாகப் படிந்திருக்கும். குறுகிய தூரமே ஓடும் கார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். செல்ஃப் ஸ்டார்ட்டுக்குக் கொடுத்த மின்சாரத்தைத் திரும்பப் பெற நேரம் கிடைக்காமல் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடுகிறது.

தினமும் சில்லறை வேலைகளுக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 150. இப்படி ஓடும் கார் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் கொடுத்தால் 15 லிட்டர் போகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 1,500 ரூபாய். ஸ்கூட்டர் என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு ஆகும்.

இரண்டு கிலோமீட்டரைச் சைக்கிளில் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தைச் சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. காந்தி மார்க்கெட் பக்கம் காரைக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை. அங்கே போக டவுன் பஸ்தான் சரி. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நம் ஊரில் தனியார் டவுன் பஸ்களும் ஓடுகின்றன. அவற்றில் இந்தச் சலுகை இல்லை, ஏறும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் சைக்கிள் மிதிக்கச் சொல்லமாட்டேன். மூட்டை அரிசிக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். வண்டியை எடுத்தே ஆகவேண்டிய நாளில் மருந்து, காய்கறி, வங்கி எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடியுங்கள். சூடான என்ஜின் சீக்கிரம் ஆறிவிடாது. அடுத்தடுத்த நிறுத்தங்களில் அந்தக் கூடுதல் பெட்ரோல் தேவைப்படாது.

அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படித்தபோது பிள்ளைக்குக் கிடைத்த சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. அதை வெளியே எடுங்கள். டயர் வெடிப்பு விட்டிருந்தால் டியூபோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள். மாலையில் போகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று கட்டாயம் பொருத்துங்கள். நம் சாலைகளில் அது இல்லாமல் இருட்டில் போகக் கூடாது.