ஃபுட்சல் ஷாட்: ஓங்கி அடித்தால் குறி பழகாது

அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சலில் கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். கோல்கீப்பர் முன்னேறி வந்து கைகால்களை விரித்துவிட்டால், அடிக்க இடம் மிஞ்சுவது பெரும்பாலும் கம்பங்களை ஒட்டித்தான். அப்படியிருந்தும், வரிசையில் நின்று ஆளுக்கொரு பந்தை ஓங்கி உதைப்பதையே பலர் ஷாட் பயிற்சி என்கிறார்கள்.

இரு கம்பங்களிலிருந்தும் உள்ளே 50 சென்டிமீட்டர் தள்ளி, மேல்கம்பத்திலிருந்து தரைவரை ஒரு கயிறு கட்டுங்கள். நடுவிலுள்ள 2 மீட்டரில் விழும் பந்து கணக்கில் இல்லை. கோலிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள புள்ளியிலிருந்து வலக்காலில் பத்து, இடக்காலில் பத்து. இருபதுக்குப் பன்னிரண்டு விழும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

பந்து மேலே பறக்கிறதா? ஊன்றிய காலைப் பாருங்கள். அது பந்துக்குப் பின்னால் தங்கினால் உடல் சாய்ந்து, பாதம் பந்தின் அடியில் நுழைந்துவிடும். ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி, விரல்கள் குறியை நோக்கி இருக்க வேண்டும். புல்தரைக் கால்பந்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பிழை அதிகம். ஃபுட்சலில் ஆடும், துள்ளல் குறைந்த நான்காம் எண் அளவுப் பந்தை அடியிலிருந்து தூக்கிவிடத் தேவையே இல்லை.

அடுத்தது, பக்கவாட்டிலிருந்து வரும் பாஸ். பந்தை உள்ளங்காலால் அப்படியே அமுக்கி நிறுத்தினால், அடிக்க ஓர் அடி பின்வாங்க வேண்டிவரும். அதற்குள் தடுப்பவரின் கால் குறுக்கே வந்துவிடும். உள்ளங்காலால் தொட்டு, அரை அடி முன்னே சாய்வாக உருட்டி, அடுத்த தொடுதலிலேயே அடிக்கப் பழக்குங்கள்.

கால்நுனி உதையைக் கேலி செய்யும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2002 உலகக்கோப்பை அரையிறுதியில் துருக்கிக்கு எதிராகப் பிரேசிலின் ரொனால்டோ போட்ட கோல் அப்படி வந்ததுதான். காலைப் பின்னுக்கு இழுக்காமல் அடிப்பதால் கோல்கீப்பருக்கு முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. ஆனால் கணுக்கால் விறைப்பாக இருக்க வேண்டும், பந்தின் நடுவில் பட வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் பந்து எங்கோ போகும். 5 மீட்டருக்குள் மட்டும் பழக்கினால் போதும்.

ஓரத்திலிருந்து அடிக்கும் பந்து எப்போதும் தூரக் கம்பத்துக்குத் தாழ்வாகப் போகட்டும். அங்கே ஓடிவரும் கூட்டாளிக்கு, குறி தப்பிய ஷாட்டும் பாஸ்தான். அவர் முன்கூட்டியே வந்து நின்றுவிட்டால் தடுப்பவர் ஒட்டிக்கொள்வார்.

ஒரு பாதியில் ஓர் அணியின் ஆறாவது ஃபவுலிலிருந்து, எதிரணிக்குச் சுவர் (குறுக்கே வரிசையாக நிற்கும் தடுப்பவர்கள்) இல்லாத 10 மீட்டர் உதை கிடைக்கும். அது வரும் நேரத்தில் பெரும்பாலும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் மைதானத்தின் நீளத்துக்கு இரண்டு முறை ஓடவிட்டு, உடனே கயிற்றுக் கோலில் ஐந்து பந்து அடிக்கவையுங்கள். எண்ணிக்கை சரிந்தால் மறுபடியும் ஊன்றுகாலையே பாருங்கள். களைப்பில் முதலில் பின்தங்குவது அதுதான்.